நாலு நாள், ரெண்டு வண்டி, நெல்லைச் சீமை: கூட்டாளி விட்டுவிட்டுப் போனது சரியா?

கொக்கிரகுளத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். ஆனி மாதக் கடைசியில் நானும் என் கூட்டாளியும் நாலு நாள் வண்டியில் சுற்றிவிட்டு வந்தோம். என்னுடையது 2011 மாடல் ஸ்பிளெண்டர். அவனுடையது அவன் அப்பா வாங்கிய புல்லட் 350. ரெண்டு பேருக்கும் வயது 48. பத்து வருடமாக லடாக், லடாக் என்று டீக்கடையில் பேசிப் பேசி, வீட்டில் பெரிய சண்டை வராமல் கிளம்பக்கூடிய தூரம் இதுதான் என்று கடைசியில் புரிந்தது.

ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். நாலுவழிச் சாலையில் ஏறக்கூடாது, குறுக்கே கடக்கலாம். முதல் நாள் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், செம்மணல் மேடான தேரிக்காடு, உடன்குடி, மணப்பாடு. ரெண்டாம் நாள் உவரி, கூடங்குளம், ராதாபுரம், பணகுடி. மூன்றாம் நாள் திருக்குறுங்குடி, களக்காடு, சேரன்மகாதேவி, அம்பை, மணிமுத்தாறு. நாலாம் நாள் கடையம், தென்காசி, சங்கரன்கோவில், கழுகுமலை, கயத்தாறு, வீடு. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டமாகிவிட்டன. எங்கள் அப்பாமார் வாயில் இன்னும் எல்லாம் ஒரே ஜில்லாதான், நாங்களும் அந்தக் கணக்கில்தான் போனோம்.

என் மீட்டரில் மொத்தம் 442 கிலோமீட்டர். அவன் மீட்டரில் 473. புல்லட் மீட்டர் பொய் சொல்லும் என்பது உலகத்துக்கே தெரியும், அதை விடுங்கள்.

விஷயம் இதுதான். முதல் நாள் நாசரேத்தில் டீ குடித்துவிட்டு அவன் முன்னால் கிளம்பினான். எனக்கு ஊர் தாண்டியதும் பின்டயரில் உடைமர முள் ஏறிவிட்டது. வண்டியைத் தள்ளி, கடை தேடி, பஞ்சர் ஒட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அய்யனார் கோயிலில் சந்திப்பதாகப் பேச்சு. போனால் அவன் இல்லை. உச்சி வெயிலில், அந்தச் செம்மண் காட்டில், ரெண்டு மணி நேரம் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மணப்பாட்டில் கடலைப் பார்த்தபடி சாவகாசமாக நிற்கிறான். கேட்டால், "நான் கோயில்லதாம்லே நின்னேன்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். கோயிலில் இருந்தவன் நான்!

மிச்ச மூன்று நாளும் சேர்ந்துதான் ஓட்டினோம், சிரித்துக்கூடப் பேசினோம். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் ரெண்டு பேரும் எடுக்கவில்லை. இப்போது ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. போனும் இல்லை. சேர்ந்து போகும்போது பின்னால் வருகிறவனுக்காக நிற்க வேண்டுமா, வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டக்டக் 350:
புல்லட்டையும் ஸ்பிளெண்டரையும் ஒன்றாக ஓட்டுவது, யானையையும் ஆட்டையும் ஒரே நுகத்தில் பூட்டுவது மாதிரி. அவரவர் வேகத்தில் போய் சாப்பாட்டுக் கடையில் சந்திப்பதுதான் முறை. பஞ்சர் ஆனால் போன் பண்ண வேண்டியதுதானே?

கொக்கிரகுளத்தான்:
அந்தப் பக்கம் சிக்னல் சரியில்லை அண்ணாச்சி.

வள்ளியூர் டீச்சர்:
ரெண்டாம் நாள் நீங்கள் போன ராதாபுரம் வழியில்தான் நான் தினமும் ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போகிறேன். பின்னால் ஒரு மூட்டை பரீட்சைப் பேப்பர் வேறு.

அந்தப் பக்கக் காற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, அதெப்படி? தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து, நெருக்கிக்கொண்டு வெளியே வரும் இடம் இது. முப்பந்தல் தொடங்கி பணகுடி, ராதாபுரம் வரைக்கும் காற்றாலை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் என் வண்டி நேராகப் போகாது, கொஞ்சம் சாய்ந்தபடிதான் போகும். புதிதாக மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் முதல் வாரமே ஓடைப்பக்கம் இறங்கிவிட்டார். நல்லவேளை, அடி இல்லை.

ரொம்ப மோசமானது எதிரே வரும் பஸ். அது பக்கத்தில் வரும்போது காற்றை மறைத்துவிடும். நாம் சாய்ந்திருந்த பக்கமே வண்டி இழுக்கும். பஸ் தாண்டிய நொடியில் மறுபடி ஓர் அறை. அதனால் பஸ்ஸைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்து, முழங்காலால் வண்டியை இறுக்கி, கையைத் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் காற்று உங்கள் தோளைத்தான் ஓட்டும்.

கொக்கிரகுளத்தான்:
நூற்றுக்கு நூறு உண்மை டீச்சர். எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். ராதாபுரம் தாண்டி 30க்கு மேல் என்னால் போக முடியவில்லை. ஸ்பிளெண்டர் மொத்தமே 112 கிலோ. அவன் என்னைக் காற்றுக்கு மறைத்து, மேற்கு ஓரமாகவே பணகுடி வரைக்கும் ஓட்டி வந்தான். அவன் வண்டி கிட்டத்தட்ட 190 கிலோ இருக்கும், அதுவே ஆடியது.

டக்டக் 350:
முதல் நாள் விட்டுவிட்டுப் போனவன் ரெண்டாம் நாள் மறைப்பு கட்டினானா? கதை எங்கேயோ இடிக்கிறது.

செயின் பாக்ஸ்:
தென்காசியில் பட்டறை வைத்திருக்கிறேன். சண்டைக்குள் நுழையவில்லை, வண்டியைப் பற்றி மட்டும் ரெண்டு வார்த்தை.

தேரிப் பக்கம் போய் வந்த வண்டி எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். செயின் மேல் செக்கச்செவேல் என்று ஒரு மாவு ஒட்டியிருக்கும். எண்ணெய் போட்ட செயினில் அந்த மண் ஒட்டினால் அது உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் வைத்துக் கழுவித் துடைத்து, புது எண்ணெய் விடுங்கள். ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள், பழைய ஸ்பிளெண்டரில் ஸ்பாஞ்சு இருந்தால் கழுவலாம், பேப்பர் என்றால் மாற்றிவிடுங்கள்.

உடைமுள் நேராகக் குத்தி உள்ளேயே ஒடிந்து நிற்கும். டியூபை ஒட்டிவிட்டு டயரின் உள்பக்கத்தை விரலால் தடவாமல் மாட்டினால் 10 கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். ஒரு ஸ்பேர் டியூப் எப்போதும் பையில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். 442க்கும் 473க்கும் வித்தியாசம் 31. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கிறீர்களா?

கொக்கிரகுளத்தான்:
பெட்ரோல் கணக்குக்காகக் குறித்து வைத்தேன். ஆனால் அந்த நோட்டு எங்கே கிடக்கிறதோ. தேடுகிறேன்.

தேரிமண்:
எனக்குச் சொந்த ஊர் காயாமொழிப் பக்கம். ரெண்டு விஷயம் கேட்க வேண்டும்.

முதலாவது, தேரி மேட்டில் வண்டியை ஏற்றினீர்களா? இப்போதெல்லாம் வீடியோ எடுக்க வருகிறவர்கள் டயரில் காற்றைக் குறைத்துவிட்டு மணல் மேட்டில் உறுமிக்கொண்டு ஏறுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது பாலைவனம். குதிரைமொழித் தேரி காப்புக்காடு. ஒரு காலத்தில் ஆனி, ஆடி மேல்காற்றில் இந்த மணல் நகர்ந்து நகர்ந்து விளைநிலங்களையே மூடியது. பனையும் உடைமரமும் முந்திரியும் நட்டுத்தான் அதைப் பிடித்து நிறுத்தினார்கள். மேலே படர்ந்த புல்லையும் கொடியையும் டயர் அறுத்துப் போட்டால், அந்தத் தடத்தில் காற்று வாய் வைக்கும். அடுத்த வருடம் அங்கே ஒரு பள்ளம். சிவப்பு நிறம் என்று ஆசைப்பட்டு வருகிறார்கள். அது மணலின் மேல் படிந்த இரும்புத் துரு, வேறொன்றும் இல்லை. கீழே குனிந்து பார்த்தால் சில இடங்களில் நகம் அளவுக் கல் சில்லுகள் கிடக்கும், உலோகம் தெரியாத காலத்து மனிதர்கள் செதுக்கியவை. அதன் மேலேதான் வண்டியை ஏற்றுகிறார்கள்.

ரெண்டாவது, அய்யனார் கோயில் என்றீர்களே. எந்த அய்யனார்?

கொக்கிரகுளத்தான்:
ஏற்றவில்லை அண்ணாச்சி, தார்ரோட்டிலேயேதான் போனோம். ஓரமாக சைடு ஸ்டாண்டு போட்டதும் அது மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடியில் வைக்க ஒரு ஓட்டுத்துண்டு பையில் வைத்துக்கொண்டேன்.

எந்த அய்யனாரா? தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார்தான். எங்கள் குலதெய்வம். கார்த்திகைக் கடைசியில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போகிறவன் நான். அன்றைக்குத் தேரியில் இளநீரை வெட்டுவார்கள், அந்தத் தண்ணீர் பட்ட மண்ணை அள்ள ஜனம் முண்டியடிக்கும். எங்கள் வீட்டு உள்ளறையில் இன்னும் அந்த மண் ஒரு முடிச்சு இருக்கிறது.

நாலுமுக்கு:
பேச்சு வேறு பக்கம் போவதற்குள் ஒன்று கேட்டுவிடுகிறேன். மணிமுத்தாறு வரைக்கும் வந்தவர்கள் மாஞ்சோலைக்கு ஏறவில்லையா?

கொக்கிரகுளத்தான்:
சோதனைச் சாவடியோடு சரி. பைக்கை விடமாட்டோம் என்றார்கள். அருவியில் குளித்துவிட்டு இறங்கினோம். களக்காடு முண்டந்துறை 1988இலிருந்து புலிகள் காப்பகம், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். நீங்கள் அந்த ஊரா?

நாலுமுக்கு:
நாலுமுக்கு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தேன். அப்பா கவாத்து வெட்டினார், அம்மா இலை எடுத்தாள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று பஸ்ஸில் ஒவ்வொரு ஊராக ஏறும்போது காது அடைக்கும். மழைக்காலத்தில் துணி காய அடுப்படியில்தான் கயிறு கட்டுவோம். கீழே கல்லிடைக்குறிச்சியில் வெயில் அடிக்கும்போது எங்களுக்கு மூன்று நாளாக மழை நின்றிருக்காது.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து தோட்டக் கம்பெனி 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மலை. 2028இல் முடிய வேண்டியது. 2024இலேயே வேலை நின்றுவிட்டது. நாலு தலைமுறையாக இருந்தவர்கள் இப்போது அடிவாரத்து ஊர்களில் வாடகை வீடு பார்க்கிறார்கள். அம்மா இன்னும் ராத்திரி கம்பளி கேட்கிறாள். அம்பாசமுத்திர வெக்கையில்!

பைக்கில் விடாததற்கு நான் வருத்தப்படவில்லை. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் யானை நின்றால் பஸ் டிரைவரே விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். உங்களிடம் கேட்டது, யாராவது போய்ப் பார்த்திருந்தால் லயன் எப்படி இருக்கிறது என்று தெரியுமே என்பதற்காகத்தான்.

வள்ளியூர் டீச்சர்:
அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் தம்பி.

கொக்கிரகுளத்தான்:
நோட்டு கிடைத்தது. டேங்க் பையின் அடியில், உடன்குடியில் வாங்கிய கருப்பட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கம் ரெண்டு பிசுபிசுத்துப் போனாலும் எண் தெரிகிறது. என் மீட்டர் முதலில், அவன் மீட்டர் அடுத்து:

முதல் நாள் 98, 127. ரெண்டாம் நாள் 87, 88. மூன்றாம் நாள் 92, 92. நாலாம் நாள் 165, 166.

செயின் பாக்ஸ்:
அண்ணாச்சி, மீட்டர் பொய் சொன்னால் நாலு நாளும் ஒரே கணக்கில்தான் சொல்லும். கேபிளில் கோளாறு என்றால் குறைத்துக் காட்டுமே தவிர, ஒரு நாள் மட்டும் 29 கூட்டிக் காட்டாது. முதல் நாள் அந்த வண்டி உங்களைவிட 29 கிலோமீட்டர் அதிகமாக ஓடியிருக்கிறது. விட்டுவிட்டுப் போகிறவன் நேராக மணப்பாடு போயிருந்தால் இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது?

தேரிமண்:
அதனால்தான் எந்த அய்யனார் என்று கேட்டேன். தேரியில் ரெண்டு பெரிய அய்யனார் உண்டு. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார். அங்கே மணல் காட்டுக்கு நடுவே ஒரு சுனை, அத்தனை ருசியான தண்ணீர். பங்குனி உத்திரத்துக்கு வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்கள் ரெண்டு கோயிலுக்கும் உண்டு. அவரவர் வீட்டில் "அய்யனார் கோயில்" என்றால் அவரவர் கோயில்தான். பெயர் சொல்லும் பழக்கமே கிடையாது. உங்கள் கூட்டாளி வீட்டுக்கு எந்தச் சாஸ்தா, அதாவது எந்த அய்யனார்?

கொக்கிரகுளத்தான்:
அவன் சுரண்டைக்காரன். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு திருச்செந்தூர் பக்கம் வருவான், அது தெரியும். எந்தக் கோயில் என்று... முப்பது வருடப் பழக்கம், நான் கேட்டதே இல்லை.

டக்டக் 350:
போச்சு!

வள்ளியூர் டீச்சர்:
போனில் கேட்டுவிடுங்கள், இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்காமல்.

சுரண்டைக்காரன்:
போன் வேண்டாம் டீச்சர், நானே வந்துவிட்டேன். இந்த இழையைப் பார்த்துவிட்டு என் தம்பி மகன் காலையில் அனுப்பினான். கணக்கு தொடங்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

மாப்ள, நான் நின்றது அருஞ்சுனை காத்தவர் வாசலில். நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைக்கிற இடம். சுனையில் கால் நனைத்துவிட்டு ஆலமரத்துப் பக்கமாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வயிற்றில் புளி கரைத்தது. நீ ஸ்பிளெண்டரைத் தூக்கிப் போட்டு எங்கேயோ கிடக்கிறாய் என்று நினைத்து நாசரேத்துக்கே திரும்பினேன். வழியில் பார்த்த பஞ்சர் கடையில் எல்லாம் கேட்டேன். ஒருவர், "சிவப்பு ஸ்பிளெண்டரா, இப்பத்தான் போச்சு" என்றார். மறுபடி கோயிலுக்கு வந்தேன். நீ இல்லை. கடைசியில் வருகிறபடி வரட்டும் என்று மணப்பாட்டுக்கு வந்தேன். அந்த 29 அதுதான்.

சாவகாசமாகக் கடலைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். 1542இல் சவேரியார் வந்திறங்கிய கடற்கரை என்று அங்கே ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. திருச்செந்தூர் ரோட்டைப் பார்க்க, அந்தக் கோயில் மணல்மேடுதான் உயரமாக இருந்தது. அதனால் அங்கே நின்றேன்.

இன்னொன்று. சிக்னல் இல்லை என்று சொல்லியிருக்கிறாய். நான் ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்கவில்லையே, அதற்கு நீ பதில் சொல்வாயா, நான் சொல்லவா?

டக்டக் 350:
சொல்லுங்க, சொல்லுங்க.

கொக்கிரகுளத்தான்:
நானே சொல்லிவிடுகிறேன். நாசரேத்தில் டீ குடிக்கும்போது அவன் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. என் டேங்க் பையில் பவர் பேங்கில் மாட்டி வைத்திருந்தேன். நாலு மணி வாக்கில் அது உள்ளே அடித்தபோதுதான் ஞாபகம் வந்தது. அவன் வீட்டிலிருந்து. எடுத்தேன், "பக்கத்துலதான் இருக்கான் மைனி" என்று பொய் சொன்னேன்.

வள்ளியூர் டீச்சர்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் எங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும்!

செயின் பாக்ஸ்:
அப்படியென்றால் அன்றைக்கு அங்கே சிக்னல் இருந்திருக்கிறது.

கொக்கிரகுளத்தான்:
இருந்தது அண்ணாச்சி.

சுரண்டைக்காரன்:
அது போகட்டும். காற்று மறைத்ததை எழுதினாயே, அதுவரைக்கும் சரி. ஆனால் 30க்கு மேல் போக முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். 20 மாப்ள. நான் ரெண்டாம் கியரிலேயே வந்தேன், கிளட்ச் தட்டு கருகி வாடை வந்தது.

டக்டக் 350:
புல்லட் கிளட்ச் தட்டு இப்போது என்ன விலை தெரியுமா? அதை ஸ்பிளெண்டர்காரர் கணக்கில் எழுதுங்கள். இப்படி மனுஷனை வைத்துக்கொண்டு "விட்டுவிட்டுப் போனது சரியா" என்று தலைப்பு வேறு.

தேரிமண்:
தலைப்பு இருக்கட்டும், மாற்றாதீர்கள். இன்னும் நாலு பேர் உள்ளே வந்து படிப்பார்கள், ரெண்டு அய்யனார் உண்டு என்றாவது தெரிந்துகொள்வார்கள். ஒரு யோசனை. பதநீர் சீசன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. காலையில் ஏழு மணிக்கு முன்னால் வந்தால், பனையேறி இறக்கிய கலயத்திலிருந்து நேராகப் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் காய்ச்சுகிற விடிலிக் குடிசைக்குப் போய்விடும், கருப்பட்டிதான். நான் ஊரில்தான் இருக்கிறேன்.

நாலுமுக்கு:
அம்மாவுக்கு ஒரு கருப்பட்டி வாங்கி அனுப்ப முடியுமா அண்ணாச்சி? மலையில் இருந்தவரைக்கும் பால் விடாத கட்டங்காப்பிக்கு அதுதான் போடுவோம்.

தேரிமண்:
ஒன்று என்ன, ஒரு ஓலைக்கொட்டானே அனுப்புகிறேன் தம்பி. அம்பையில் எங்கே என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

கொக்கிரகுளத்தான்:
அதை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். ஏல, ஒன் சார்ஜர் ஒயர் இன்னும் என் பையில்தான் கிடக்கு. வர்ற சனிக்கிழமை போவோம், சுரண்டையிலிருந்து வெள்ளிக்கிழமையே கிளம்பி இங்கே வந்து படு. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் ஏழுக்குள் கோயிலில் நிற்கலாம்.

சுரண்டைக்காரன்:
வர்றேன். வண்டி ஒன்று போதும், உன்னுடையதையே எடு, கிளட்ச் பட்டறையில் இருக்கிறது.

தேரிமண்:
எந்தக் கோயிலில் என்று எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.